வரைபடத்தில் வெள்ளை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் குற்றங்களை நிலையம் நிலையமாக எண்ணி, வரைபடத்தில் நிறம் தீட்டுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கூடினால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள், ஒன்றுமே இல்லையென்றால் வெள்ளை. நீ இன்ஸ்பெக்டராக இருக்கும் வட்டாரம் மட்டும் பல மாதமாக வெள்ளை. "உங்க தம்பி கில்லாடிம்மா" என்றார் இயக்குநர். எனக்குப் பெருமைதான். ஆனால் சுற்றிலும் சிவந்து கிடக்க, நடுவில் மட்டும் எப்படியடா வெள்ளை? பையன்கள் எல்லை பார்த்தா திருடுகிறார்கள்?

முதல் தடவை மாட்டும் பையனின் வீட்டுக்குப் போய்ப் பேசும் ஆலோசகர்கள் இரண்டு பேர் உங்கள் பக்கம் இருந்தார்கள். வெள்ளை வட்டாரத்துக்கு எதற்கு என்று அவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். கையெழுத்துப் போட்டவள் நான். உண்மையைச் சொல்.

சின்னவனுக்கு அத்தையின் முத்தம். மீசை முளைத்தாலும் முத்தம் முத்தம்தான்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

என் பொய்யை மோப்பம் பிடிப்பதில் உன்னை யார் மிஞ்ச முடியும்?

வழக்கு எழுதினால்தானே கணக்கு? பையன்கள் மாட்டினால் நாங்கள் எழுதுவதில்லை. இரண்டு தட்டு தட்டி, அப்பனை வரவழைத்து அனுப்பிவிடுவோம். அவன் வாழ்க்கையும் பாழாகாது, எனக்கும் நல்ல பெயர்.

ஒன்றை உன்னிடம் மறைக்க முடியாது. போன மாதம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் போனைப் பறித்த மூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடுவில் உன் மருமகன், என் பிள்ளை. மற்ற இருவரை எழுதிவிட்டு இவனை மட்டும் விடவா முடியும்? மூவரையும் அனுப்பிவிட்டேன். வாசல் தாண்டும்போது ஒருவன், "சார் பையன் கூட இருந்தா நமக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்றது என் காதில் விழுந்தது.

யாரிடமும் சொல்லாதே.

உன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

வருஷக்கணக்காக நான் எண்ணியதில் தெரிந்தது இதுதான். முதல் தடவை மாட்டியதும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், முக்கால்வாசிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மாட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டுகொண்டவன், அடுத்த முறை கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறான்.

மூவரையும் எழுது. யார் காலில் விழுந்தாவது ஆலோசகர்களைத் திரும்ப அனுப்பவைக்கிறேன். அடியால் திருந்துவார்கள் என்றால் என் வேலைக்கே அவசியமில்லை.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

கோபிக்காதே. இந்த வாரமும் பூஜ்யம்தான் அனுப்பினேன். பெற்ற பிள்ளையைத் தன் கையால் எழுதும் அப்பன் எங்கே இருக்கிறான்?

அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்தாயிற்று. முன்னைவிட அமைதியாகிவிட்டான். சாப்பிடும்போது தலை நிமிர்வதே இல்லை.

மற்றபடி வீட்டில் எல்லாம் வழக்கம்போல. கறி வெட்டும் கத்தியைக் காணோம் என்று உன் தம்பி மனைவி இரண்டு நாளாக என்னைக் குடைகிறாள். "போலீஸ்காரர் வீட்லயே திருட்டு!" என்று கேலி வேறு.

உன் தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

கத்தி என்று படித்ததுமே போன் செய்தேன். நீயும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஏன் என்று இன்று காலை தெரிந்தது.

உன் நிலையத்திலிருந்து பூஜ்யம் இல்லாத கணக்கு வந்திருக்கிறது. எங்களுக்குப் பெயர்கள் வருவதில்லை. வயது பதினாறு, நம் சின்னவன் வயது. கறி வெட்டும் கத்தி. குத்துப்பட்டவர் பெட்ரோல் பங்க் ஊழியர், பிழைப்பது சந்தேகம். முன்குற்றம்: இல்லை. தப்பி ஓடிய இருவர்: யாரென்று தெரியவில்லை. எல்லாம் உன் கையெழுத்து.

அந்த இருவர் யாரென்று உனக்குத் தெரியும். எனக்கே எழுதியிருக்கிறாய்.

அழுது தீர்த்துவிட்டு உன் கடிதங்களை இயக்குநரிடம் கொடுத்தேன். உன் வேலை போகும், தெரிந்தும் வாய் மூடியிருந்த என்னுடையதும் நிலைக்காது. இனி நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் இன்னும் வெளியே திரிகிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்படியிலும் கத்தி இருக்கும்.

அக்கா