உப்புப் பார்க்காத சூப்

ஜனவரி 11, ஞாயிறு

காய்ச்சலில் கிடக்கும் மருமகள் நேஹா, இறைச்சி சாஸேஜும் ராஜ்மாவும் போட்ட சூப் கேட்டாள். நான் பிறந்ததிலிருந்து சைவம். இருந்தாலும் அவளுக்காகத் தனிப் பாத்திரத்தில் நானே செய்தேன். ருசி பார்க்க முடியாது என்பதால் குத்துமதிப்பாகத்தான் உப்புப் போட்டேன். "ஏக்தம் அச்சா அம்மா!" என்று புகழ்ந்து இரண்டு கிண்ணம் குடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மிச்சத்தை வாயில் வைத்த என் மகன், "ஐயோ, கடல் தண்ணிம்மா இது!" என்று கத்தினான். சாஸேஜிலேயே உப்பு இருக்குமாம். நான் எங்கே கண்டேன்?

அவள் அறைக்கு ஓடினேன். "ஏன்டி சொல்லல?"

காலித் தண்ணீர் பாட்டிலைப் போர்வைக்குள் தள்ளினாள். "அரே, மூக்கைப் பொத்திக்கிட்டு எனக்காகக் கிளறினீங்களே அம்மா, எப்படிச் சொல்ல?"