கவிழ்த்து வைத்த முள்கரண்டி

என் பிடிவாதக்காரருக்கு,

ரோம் வந்து மூன்று நாளாகிறது. கொலோசியம் பார்த்தேன், நீரூற்றில் காசு போட்டேன், நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. நீங்கள் வந்திருந்தால் படிக்குப் படி முனகியிருப்பீர்கள்.

நேற்று மதியம் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டேன். யாருடையது என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். வாசலில் கூட்டம் வரிசையில் நிற்கிறது! பக்கத்து மேசைக்காரர் இதற்காகவே மிலானிலிருந்து ரயிலேறி வந்தாராம்.

மாட்டுவால் குழம்பு சாப்பிட்டேன். உங்கள் கைப்பக்குவத்தைவிட நன்றாக இருந்தது. கோபம் வந்தால் வரட்டும்.

நீங்கள் வாய் திறந்து யாரையும் பாராட்டியதில்லை. பிடித்திருந்தால் தட்டை ரொட்டியால் பளபளவென்று துடைத்து, முள்கரண்டியை அதில் கவிழ்த்து வைப்பீர்கள். ஏழு வருடத்துக்கு முன் நம் மகன் எத்தோரே வீட்டில் கடைசியாகச் சமைத்த அன்று, பாதித் தட்டை அப்படியே விட்டு எழுந்து போனீர்கள்.

நேற்று நான் உங்களைப் போலவே துடைத்தேன், உங்களைப் போலவே கவிழ்த்தேன். பரிமாறிய பெண் தட்டை உள்ளே எடுத்துப் போனாள். அடுத்த நிமிடமே நம் பிள்ளை அந்தத் தட்டோடு வெளியே ஓடி வந்தான். என்னைப் பார்த்தான். பிறகு எதிரிலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தான்.

"அப்பா எங்கம்மா?"

"சனிக்கிழமை வர்றாருடா."

சொல்லிவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும்.

உங்கள் சாம்பல் நிறக் கோட்டைத் தேய்த்து வீட்டு அலமாரியில் மாட்டியிருக்கிறேன். ரயில் டிக்கெட் அதன் பையில் இருக்கிறது, கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்தது.

இப்படிக்கு,
உங்களோடு முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள்