கார் போகாத கரை

ஜூன் 12, வியாழன்

காரின் இடது பக்கக் கதவு காம்பவுண்டு சுவரில் உரசிவிட்டது. சுவர் நகர்ந்து வந்துவிட்டதைப் போல என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவர் கட்டிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

“எவம்லே இத இங்கன கெட்டுனது?”

“நீங்கதான் பக்கத்துல நின்னு கெட்ட வச்சீங்க.”

சாயங்காலம் ஜெபிதா பிரான்சிலிருந்து பேசினாள். துலூஸில் விதை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் ரிட்டயர் ஆனதற்கு மகளின் பரிசு: செப்டம்பரில் அங்கே போய், ஒரு கால்வாய்க் கரையோடு ஆறு நாள் சைக்கிள் பயணம்.

“கார் கெடையாதுப்பா. அந்தப் பாதையில கார் போகவே முடியாது.”

ஜெயம் டிரைவிங் ஸ்கூல் ஜெயசிங்கிடம் சொல்லும் பேச்சா இது? இருபத்தெட்டு வருடமாகச் சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சண்டை வரும் என்று ரசத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“சரி மக்கா, வாரோம்” என்றார்.

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

ஜூன் 15

ஆலயத்தில் சுந்தரபாய் அக்கா இவர் பக்கத்தில் வந்து தோத்திரம் சொல்லிக் கையை நீட்டினார்கள். இவர் நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டார். அக்காவின் கை நீண்டபடியே நின்றது. இப்போது அக்காவுக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் கோபம்.

ஜூலை 3

பழகிப் பார்க்க இரண்டு சைக்கிள் எடுத்தோம். காலையில் புளியங்குடி ரோட்டில் நாலு கிலோமீட்டர். கால் மறக்கவில்லை. இடுப்புதான் மறந்துவிட்டது.

டீச்சர் வேலைக்குப் பதினோரு வருடம் சைக்கிளில் போனவள் நான். டிரைவிங் ஸ்கூல்காரன் பெண்டாட்டி சைக்கிளில் போனால் தொழில் என்னத்துக்கு ஆகும் என்று இவர்தான் நிறுத்தினார். பிறகு ரிட்டயர் ஆகும்வரை வாசலில் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

இன்று, “நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன்” என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜூலை 22

கோகிலா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை, இப்போது இவரிடம் கார் படிக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நேத்து பனவடலிசத்திரம் பக்கம் இடது பக்கத்துலேருந்து ஒரு அம்மா மாட்டோட குறுக்க வந்தாங்க. சார் பக்கத்துலயும் பிரேக் இருக்குல்லா? சார் போடல. நான்தான் போட்டேன்.”

“கவனிக்காம இருந்திருப்பாரு.”

“இல்ல டீச்சர். நேரா ரோட்டத்தான் பாத்துட்டு இருந்தாரு. வண்டி நின்னதுக்கப்புறம், எதுக்கு நிறுத்துனன்னு கேட்டாரு. அந்தம்மா அப்போ பம்பர்ட்ட நிக்காங்க.”

காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூலை 23

கேட்டேன். பயந்த பிள்ளை, ஸ்டியரிங்கையே பிடிக்கத் தெரியாது என்றார். கண் டாக்டரிடம் போவோம் என்றேன். எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் கம்பெனிப் பெயரை நின்ற இடத்திலிருந்து வாசித்துக் காட்டினார். கீழே இருந்த சின்ன எழுத்து உட்பட. சரியாகத்தான் வாசித்தார்.

படிக்கிறவர்களுக்கெல்லாம் நானே போன் செய்தேன். சார் வெளிநாடு போகிறார், இனி வகுப்பு அக்டோபரில்தான் என்றேன். பொய் இல்லை. உண்மையில் பாதி.

ஜூலை 27

நாலு நாளாக வகுப்புக்கு யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம். இந்தக் கூட்டத்தில் காரை எடுக்க முடியாது என்றார். கூட்டம் இல்லாத தெரு வழியாகவும் நடந்தே போய்வந்தோம்.

ஆகஸ்ட் 19

விசாவுக்குச் சென்னையில் விரல் ரேகை எடுத்தார்கள். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல். மூன்று முறை அழுத்தச் சொன்னார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

துலூஸிலிருந்து கிளம்பினோம். மூன்று சைக்கிள், பின்னால் பைகள். பக்கத்திலேயே கால்வாய். நம் குளத்துத் தண்ணீர் நிறம், நம் குளத்துத் தண்ணீரைப் போலவே அசையாமல் கிடக்கிறது. இரண்டு கரையிலும் வயசான மரங்கள் வரிசையாக. சீக்கு வந்தவற்றை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். படகுகள் ஆள் நடக்கிற வேகத்தில் போகின்றன. அவசரக்காரர்கள் யாரும் படகில் இல்லை.

கார் இல்லை. பைக் இல்லை. ஹார்ன் சத்தமே கேட்காததால் காது அடைக்கிறது என்றார்.

காலையில் குளிர். ஜெபிதா தந்த ஆரஞ்சுக் கலர் மழைக்கோட்டைப் போட்டிருந்தேன். அவள் முதலில், அடுத்து நான், கடைசியில் அவர். முந்தச் சொன்னாலும் முந்தவில்லை.

முப்பத்தைந்து கிலோமீட்டர். கால் என்னுடையது இல்லை.

செப்டம்பர் 9

மலையிலிருந்து வரும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் ஒரு கடலுக்கும் மறுபக்கம் வேறொரு கடலுக்கும் போகும் இடத்தை ஜெபிதா காட்டினாள். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார்.

பாலத்துக்கு அடியில் பாதை போகும் இடத்தில் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார். கால் மரத்துவிட்டதாம். இன்று ஏழு பாலம். ஏழு முறை மரத்தது.

செப்டம்பர் 10

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வெயில் ஏறியது. கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். உள்ளே பச்சைச் சுடிதார். மர நிழலுக்குள் பாதை வலது பக்கம் வளைந்தது. நாங்கள் வளைந்தோம். அவர் வளையவில்லை.

கத்தவில்லை. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தொப்பி மட்டும் மிதக்கிறது. ஜெபிதா “அப்பா”ன்னு கத்துதா. சைக்கிளப் போட்டுட்டு ஓடுதேன், செருப்பு ஒண்ணக் காணும் —

தலை மேலே வந்தது. படகில் வந்த வயதான ஜோடி ஒரு நீளக் கம்பை நீட்டினார்கள். அது பக்கவாட்டில் நீண்டது. அவர் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. நெற்றிக்கு நேரே கொண்டுவந்ததும் பிடித்துக்கொண்டார்.

கரையில் யாருடையதோ நீலத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நங்கூரப் படம் போட்ட துண்டு. என்னைப் பார்த்து முதலில் சொன்னது இது:

“நீ ஏம்ட்டி அந்தக் கோட்டக் கழத்துன?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று நாளாக அவர் பாதையைப் பார்த்து வரவில்லை. ஆரஞ்சுக் கலரைப் பார்த்து வந்திருக்கிறார்.

ஜனவரியில் பஸ் ஏறித் தனியாகத் திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினாராம். கண்ணில் பிரஷர். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் மட்டும் இருக்கிறது. போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து ஊற்றினால் மிச்சம் தங்கும்.

“மருந்து எங்க?”

“கார் டேஷ்போர்டுல.”

கார் சங்கரன்கோவிலில் நிற்கிறது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சாவியக் கேப்ப.”

கேட்டிருப்பேன். கேட்டிருக்கத்தான் செய்வேன். ஆறு மாசம் அடுத்தவம் பிள்ளைகள ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு! கோகிலா மட்டும் பிரேக் போடலன்னா? அந்த அம்மா? சுவர்ல உரசுனப்பவே எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான, தெரியாத மாதிரி ரசத்தக் கலக்கிக்கிட்டு இருந்தேன்?

செப்டம்பர் 11, காஸ்டல்நோடாரி

ஜெபிதா டாக்டரிடம் கூட்டிப்போனாள். மருந்து எழுதித் தந்தார்கள். இனி காலையிலும் சாயங்காலமும் நான்தான் விடுவேன்.

ரயிலில் திரும்பிவிடலாம் என்றாள். நான் சரி என்றேன். அவர் மாட்டேன் என்றார். சைக்கிள் கடையில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருந்தது. நான் முன்னால். அவர் பின்னால்.

பின் சீட்டுக்கும் ஒரு ஹேண்டில் உண்டு. பிடித்துக்கொள்ள மட்டும். திரும்பாது. அரை மணி நேரம் அதைத் திருப்பப் பார்த்தார்.

“லெப்ட்ல ஒடி. ஸ்லோ, ஸ்லோ. ஏட்டி, பிரேக்க முழுசா அமுக்காத.”

“பேசாம மிதிங்க.”

மிதித்தார்.

செப்டம்பர் 12

மண்பாதை. மர வேர்கள். ஒவ்வொரு வேருக்கும் “குலுக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மதகைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பூரணம். அன்னிக்கு அந்தம்மா எங்கேருந்து வந்தான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. மாடும் தெரியல.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேரும் விழுவோம்.

“ஒவ்வொரு நாளும் இன்னியோட விட்டுருவோம்னுதான் போவேன். சாவி கையில இருந்தா விட முடியல.”

“ஊருக்குப் போனதும் கோகிலாகிட்ட நீங்களே சொல்லணும்.”

ஒரு பாலம் போனது. இறங்காமலே அடியில் நுழைந்து வெளியே வந்தோம்.

“சொல்லுதேன்.”

என் முதுகில் அவர் கை. ஆறுதலுக்கு வைத்தாரா, பிடிமானத்துக்கு வைத்தாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருந்தது.

செப்டம்பர் 13

கார்கசோன். கோட்டை பார்த்தோம். உட்கார்ந்துகொண்டு.

செப்டம்பர் 24, சங்கரன்கோவில்

கோகிலாவை வரச்சொல்லி அவரே போன் செய்தார். அவள் வந்தபோது எழுந்து நின்றார். தன்னிடம் படிக்கிற ஆளுக்கு முன்னால் அவர் எழுந்து நின்று நான் கண்டதில்லை.

“எனக்குக் கண்ணு ஓரம் தெரியாதும்மா. தெரிஞ்சேதான் ஒன்னக் கூட்டிட்டுப் போனேன். தப்பு.”

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

“அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொடவே இல்ல சார்” என்றாள். பிறகு, “மருந்த விடாம போடுங்க” என்றாள். இந்த முறை காப்பி குடித்தாள்.

அவள் போனதும் சாவியை மேசையில் வைத்தார். என் கையில் இல்லை. என் கைக்குப் பக்கத்தில்.

அக்டோபர் 14

கடையநல்லூரிலிருந்து அன்னக்கிளி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பத்து வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர், கறாரான பொம்பளை. வண்டி அவர் பொறுப்பு. இவர் ஆபீசில் உட்கார்ந்து ரோட்டு விதிகள் மட்டும் நடத்துகிறார். எல்எல்ஆர் தேர்வில் இந்த மாதம் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

முதல் அட்மிஷன் நான்.

டிசம்பர் 2

லைசென்ஸ் டெஸ்டில் தோல்வி. ரிவர்ஸ் எடுக்கையில் ஒரு குச்சி விழுந்தது. குச்சியைத் தவறான இடத்தில் நட்டிருக்கிறார்கள் என்று அவர் கோபப்பட்டார்.

டிசம்பர் 16

பாஸ்.

பிப்ரவரி 10

திருநெல்வேலியில் அவருக்குக் கண் பிரஷர் பார்க்கிற நாள். நான் ஓட்டினேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர வண்டியில் யாரும் இல்லை.

பனவடலிசத்திரம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். கியரைக் குறை. லாரிக்குப் பின்னால் இவ்வளவு ஒட்டாதே. ஹார்ன் எதற்கு இருக்கிறது? தேவர்குளம் தாண்டியதும் சத்தம் இல்லை. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன், கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை.

ரேடியோவை அணைத்துவிட்டு மறுபடி கியரைப் போட்டேன். மானூர் வரும்வரை ஹார்ன் அடிக்கவில்லை.