தூசு என்று சொன்னேன்

8, திங்கள்

விழுப்புரத்தில் காலையிலேயே வெயில். திண்டிவனம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஸ்கேன் சென்டரில் சர்வர் மறுபடி படுத்துவிட்டதாம், சரிபார்க்க எங்கள் சர்வீஸ் கம்பெனி என்னை அனுப்பியது. வெளியே ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் கூட்டம். முறையாக அணைந்ததற்கு சர்வரின் லாக் பதிவில் தடயமே இல்லை. திடீரென்று கரண்ட் போனதுபோல். வேறெதையும் பார்க்காமல் வாயை விட்டேன்: "யாரோ பிளக்கப் புடுங்கற மாதிரி இருக்கு சார்."

ஓனர், அறையைத் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவைப் பார்த்தார். "காலனி ஆளுங்கள உள்ள வுட்டா இப்டித்தான். நாளையிலேர்ந்து வராத."

"நான் ஒயரக்கூட தொட்றதில்லீங்க."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காதான் போன முறை டீ வாங்கி வந்து, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டவர். விழுப்புரம் டவுன் என்றேன். பொய். நானும் காலனிதான்.

10, புதன்

அக்கா இல்லாமலும் சர்வர் நின்றது. ராம் மெமரியை மாற்றிப் பார்த்தாயிற்று. யுபிஎஸ் சரியாக இருக்கிறது.

12, வெள்ளி

மேகம். மழை இல்லை. உள்ளே நுழைந்தால் ஒரே புகை. வெள்ளிக்கிழமை பூஜை. ஓனரே எல்லா மிஷினுக்கும் குங்குமம் வைக்கிறார். சாம்பிராணித் தட்டை சர்வர் பின்னாலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

பவர் சப்ளையைக் கழற்றினேன். ஃபேன் சுற்றவில்லை. கரியும் குங்குமமும் பிசின்போல் இறுகிக் கிடந்தன. சூடேறினால் சர்வர் தானே நின்றுவிடும், ஆறினால் ஓடும். பிளக்கை யாரும் தொடவில்லை.

"இன்னாப்பா பிரச்சினை?"

"தூசு சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

"பாத்தியா, அந்தம்மா ஒழுங்கா கூட்டல. அனுப்சது நல்லதாப் போச்சு."

புதிய பவர் சப்ளை மாட்டினேன். ஓடுகிறது.

13, சனி

பைக் பஞ்சர். துணி ஊறப்போட்டது அப்படியே. டீக்கடையில் சாதி ஒழிப்பு பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறவன் நான். ஏசி அறையில் ஒரு வார்த்தை வரவில்லை. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை.

15, திங்கள்

ஓனருக்கு போன் போட்டேன். "சார், அது தூசு இல்ல. உங்க சாம்பிராணிப் புகைதான் ஃபேன அடச்சிக்கிச்சு. அஞ்சலை அக்கா மேல தப்பே இல்ல. திரும்பக் கூப்டுங்க."

"நீ எந்த ஊருப்பா?"

சொன்னேன். ஊர்ப் பெயர், கூடவே காலனி என்றும்.

போனை வைத்துவிட்டார்.

மதியம் எங்கள் மேனேஜர்: "இனிமே அந்த சென்டருக்கு நீ போவாத. வேற ஆளு கேக்கறாங்க. இன்னாடா பேசி வச்ச?"

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன்.

"எந்த அக்கா?" என்றார்.