பெரியம்மா நின்றுபோனது யாரால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், வாசலில் நிற்கிற மூன்றாவது ஆளும் சௌக்கியம், அங்கே நீயும் உன் தோள்வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. மூன்றாவது ஆள் யார் என்று நீ கேட்க மாட்டாய். மெதுவாகக் கிளம்பும், மேடு கண்டால் மூச்சிரைக்கும், உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் சேர்ந்துதான் எழுப்ப வேண்டும் என்று சொல்லி நம் பழைய காருக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தவளே நீதான், அது உன் நிஜப் பெரியம்மா காதுக்குப் போகாமல் இத்தனை வருடம் நாங்கள் காப்பாற்றி வருகிறோம். உன் அம்மாவுக்குக் கண் பரிசோதனை முடிந்தது, கண்ணாடி மாற்றினால் போதுமாம். எனக்கு முழங்கால் அப்படியேதான், ஆனால் வியாழக்கிழமையிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை, ஏன் என்று சொல்லத்தான் காலையிலேயே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ பரவாயில்லைப்பா விடுங்கள் என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். நான் வேலை பார்த்த தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது, தவறான வால்வை மூடி ஒரு தெருவையே காயப்போட்டவன் நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், வாயால் சொன்னால் செல்லாது. முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு தாள்கூட நான் எழுதியதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன், இதோ முதல் தாளை எழுதுகிறேன். அவசரமும் இருக்கிறது. உன் அலுவலகத்தில் படம் வரைகிற மேசையை விட்டுவிட்டு இயந்திரங்களைப் பிரித்துச் சோதிக்கும் பட்டறைக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், நீ கைவேலை எனக்கு வராதும்மா என்று மறுக்கப் போகிறாயாம், உன் அம்மா சொன்னாள். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும், அதனால் எழுதி முடித்ததும் அம்மா படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், தாள் தபாலில் மெதுவாக வரட்டும்.

நீ அங்கே வேலைக்குக் கிளம்புவதற்கு முந்திய மாதம் நினைவிருக்கிறதா. சாப்பாட்டு மேசை மேல் செய்தித்தாளை விரித்து, பெரியம்மாவின் கார்புரேட்டரைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையாகத் தேய்த்து, எந்தத் திருகு எங்கே என்று ஓர் அட்டையில் எண் போட்டுக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாய். நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அதை நீயே மாட்டி முடித்த நாள், வண்டி அப்படி ஒரு சீராக ஓடியது, தெருமுனை வரை போய்விட்டு வந்து நான் உன்னைப் பாராட்டக்கூட இல்லை, உம் என்று மட்டும் சொன்னேன், சந்தோஷத்தில் எனக்கு எப்போதும் வாய் வராது. அதற்கு நாலு நாள் கழித்து உன்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகும்போது, பெட்டியெல்லாம் உள்ளே இருக்க, புறவழிச் சாலையில் பெரியம்மா நின்றுவிட்டது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை. டாக்சியை வரவழைத்து உன் பெட்டிகளை ஏற்றும்போது, வழியனுப்பக் கூட வந்த உன் மாமா முன்னாலும் அந்த டாக்சிக்காரர் முன்னாலும் நான் சொன்ன வார்த்தை எனக்கு இன்றைக்கும் எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "தெரியாத வேலையில கை வச்சா இப்படித்தான்." நீ டாக்சியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாய். அதற்குப் பிறகு மூன்று வருடமாக வண்டியைப் பற்றி நீ கேட்டதெல்லாம் எப்போது விற்கப்போகிறீர்கள் என்ற ஒரே கேள்விதான்.

இந்த மூன்று வருடமும் நான் தலையால் தண்ணீர் குடித்தது உனக்குப் பாதிதான் தெரியும். கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது, இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் இருமும், திணறும், நின்றுவிடும். நம் மெக்கானிக்கைத் தெரியுமே, என்ன கோளாறு என்றாலும் பார்க்கலாம் என்பார், எப்போது ஆகும் என்றாலும் பார்க்கலாம் என்பார், அதனால் நாங்கள் அவரைப் பார்க்கலாம் என்றே கூப்பிடுகிறோம். பார்க்கலாம் வந்து முதல் வேலையாகப் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், பிறகு பானட்டைத் திறந்து எதையாவது தட்டுவார், சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். ஆளைக் கண்டாலே வண்டிக்குப் பயம் என்று பக்கத்து வீட்டு ஆசிரியர் கேலி செய்வார். நானோ விடவில்லை, பெட்ரோல் பம்பை மாற்றினேன், குழாய்களை மாற்றினேன், இக்னிஷன் காயிலை மாற்றினேன், டேங்கை இறக்கிக் கழுவினேன், கடைசியில் நீ கோத்த கார்புரேட்டரையே கழற்றி வைத்துவிட்டுக் கடையிலிருந்து வேறொன்று வாங்கி மாட்டினேன். எதற்கும் மசியவில்லை. இதற்கு நடுவில் பிரேக் எண்ணெய் ஒழுகியது, ரேடியேட்டர் ஒழுகியது, முன் இருக்கைக்குக் கீழே தரைத் தகடு துருப்பிடித்து ரோடு தெரிந்தது, ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது வரிசையில் நின்றது. போன மாதம் உன் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள், இன்னும் ஒரே ஒரு தடவை நடுவழியில் நின்றால் பழைய இரும்புக்காரரை வரச்சொல்ல வேண்டியதுதான் என்று, நானும் சரி என்று தலையாட்டினேன், அடுத்த வாரமே நின்றது. இரும்புக்காரர் சனிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை கடைசியாக ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்தேன். நானும் வருகிறேன் என்று உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள், நீ போனதிலிருந்து அவள் அதில் ஏறியதே கிடையாது. பாலம் தாண்டி, கண்ணாடித் தொழிற்சாலை மதிலை ஒட்டி மேடு ஏறும்போது, சொல்லி வைத்தாற்போல் இருமித் திணறி நின்றது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது, அதை மறைக்கப் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். சும்மா இருக்காமல் பெட்ரோல் இருக்கிறதா பாரேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் பின்னால் போய் மூடியைத் திருகினாள், உஸ்ஸென்று ஒரு பெரிய சத்தம், வண்டி காற்றை உள்ளே இழுத்த சத்தம். எப்போதும் இப்படித்தான் வருமா என்று கேட்டாள். டேங்க் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பெரிய ஞானி மாதிரி பதில் சொன்னேன். அவள் அங்கேயே மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவள் நர்ஸாக வேலை பார்த்த வார்டில் கண்ணாடி பாட்டிலில் குளுக்கோஸ் ஏற்றிய காலத்தைச் சொன்னாள். பாட்டிலில் இரண்டு ஊசி குத்த வேண்டுமாம், ஒன்று மருந்து இறங்க, இன்னொன்று வெறும் காற்று உள்ளே போக, அந்தக் காற்று ஊசியைப் புது நர்ஸ் மறந்துவிட்டால் கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு சொட்டுவது குறையும், பிறகு நின்றே போகும், அது புரியாமல் நோயாளியின் கையை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருப்பார்களாம். சொல்லிக்கொண்டே மூடியைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தாள்.

அங்கே நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை உருண்டை, கல்லாக இறுகி, அதன் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. குழாய்க் கசிவுக்குப் பூசுவோமே, அந்தப் பசை. அம்மாடி, உலகத்தில் எந்தக் காரிலும் அந்த இடத்தில் அதைப் பூச ஒரே ஒரு ஆளால்தான் முடியும். நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன், திருப்பத்தில் மூடியோரம் ஒரு சொட்டு கசிந்தது, உன் பெட்டிகளுக்குப் பெட்ரோல் நாற்றம் ஏறிவிடுமே என்று கழற்றிப் பார்த்தால் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை. ஓட்டை என்றால் ஒழுகும், ஒழுகினால் அடைக்க வேண்டும், முப்பத்திரண்டு வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். ஒரு நிமிட வேலை, யாரிடமும் சொல்லக்கூடத் தோன்றவில்லை, மறந்தும் போனேன். காற்று உள்ளே போக வேண்டும் என்று வைத்திருந்த ஓட்டையை நானே அடைத்து, வண்டி பெட்ரோல் இறங்காமல் மூச்சு முட்டி நிற்க, பார்க்கலாம் வந்து மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதற்குக் காற்று கிடைத்து மறுபடி கிளம்பியிருக்கிறது. "யாருங்க இதை அடைச்சது?" என்று உன் அம்மா கேட்டாள். உன்னிடம் மறைக்க மாட்டேன், அரை நிமிடம் எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது, பழியைப் பார்க்கலாம் மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ரேகையோடு மாட்டிக்கொண்டவன் என்ன செய்வது, நான்தான் என்றேன். அவள் முதலில் சிரித்தாள், பக்கத்து மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள், சிரித்து முடித்ததும் என்னை நேராகப் பார்த்து, "இதை நீங்கதான் அவகிட்ட சொல்லணும்" என்றாள். அப்போதுதான் நீ பட்டறை வேலையை மறுக்கப் போகும் விஷயத்தையும் எனக்குச் சொன்னாள்.

அவள் கொண்டை ஊசியால் அந்தப் பசையைக் குடைந்து எடுத்து, ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினோம். இருபது நிமிடம் ஆனது, இருபத்தைந்து ஆனது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அரை மணி ஆனதும் உன் அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் ஓடியது! திரும்ப வேண்டும் என்ற நினைப்பே இருவருக்கும் வரவில்லை, எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊர் வரை போய்விட்டோம், அங்கே ஒரு கடையில் டீ குடித்தோம், நான் வண்டியை அணைக்கப் பயந்து வெளியே நின்றபடியே குடித்தேன், அவள் அதற்கும் சிரித்தாள். திரும்பி வரும்போது ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு பாட்டுகூட முணுமுணுத்தாள், நீ கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையில் வாங்கிய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு உன்னுடையதை எடுத்தேன். பிஸ்கட் டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்தேன், உன் அட்டையும் கூடவே இருந்தது, எண் போட்ட வரிசைப்படியே மாட்டினேன், ஒரு திருகைக்கூட என் இஷ்டத்துக்கு முறுக்கவில்லை. முதல் திருப்பலிலேயே கிளம்பியது. பார்க்கலாமைக் கூப்பிட்டேன். வந்தார், பானட் மேல் கையை வைத்து நெடுநேரம் சத்தத்தைக் கேட்டார், யார் இதைச் சரி பண்ணியது என்று கேட்டார், என் மகள் என்றேன். இதில் இனி எதையும் தொட வேண்டாம் என்றார். ஏழு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து பார்க்கலாம் இல்லாமல் ஒரு வாக்கியம் வந்தது அன்றைக்குத்தான். பெட்ரோலைத் தொண்டை வரை ஊற்றாதீர்கள், அப்போது கசியாது என்று எனக்குத் தனியாக ஒரு புத்திமதியும் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை இரும்புக்காரர் லாரியோடு வந்தார், அவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் நான் வீணாக மாற்றிய சாமான்களை ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தேன், தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

வண்டிக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பின் பிரேக் பார்க்க வேண்டும், சைலன்சர் தொங்குகிறது, மழை வந்தால் வைப்பர் ஒன்றுதான் ஆடும், இடது பக்கக் கதவை உள்ளேயிருந்து ஒரு குத்து விட்டால்தான் திறக்கும். எனக்கு இப்போது அதெல்லாம் ஒரு சுமையாகவே தெரியவில்லை, திங்கட்கிழமை எதிலிருந்து ஆரம்பிப்பது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன், உன் அம்மாவே கதவு எனக்கு என்று பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை நான் தனியாகப் போயிருந்தால் சனிக்கிழமை அது இரும்பாகப் போயிருக்கும், அந்த மூடியும் அதோடு போயிருக்கும், என் மகள் கை வைத்ததால்தான் வண்டி கெட்டது என்று நான் சாகும்வரை நம்பியிருப்பேன், நீயும் நம்பியிருப்பாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மேசையில் குனிந்தே உட்காராதே, ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நட, தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு என்று அம்மா எழுதச் சொன்னாள். குளிர் அதிகமானால் காதை மூடிக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு.

இவ்வளவையும் எழுதி உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் எங்கேயும் காணோமே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடிதம் முழுக்க அதுதானே என்றேன், இல்லை, அந்த வார்த்தை எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறாள், பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் சொல்வது சரிதான். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது பொய். உன் வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. என்னை மன்னித்துவிடு, அம்மாடி. அந்தப் பட்டறைக்குப் போ.

உன் அன்பு
அப்பா