மனோஜ் பேர்ல ஒரு பாடு

2 ஜூன் 2025, திங்கள்
கம்பெனி வேன் லேட். சூப்பர்வைசர் என்னாண்ட கத்துறான். நான் இன்னா, வேன் ஓட்டவா போனேன்?

வீட்டுக்கு வந்தா அடுப்பாண்ட ஒரு கூடை இறால். ஏரியில் இன்னைக்கு எங்க பாடு, வலை கட்ட எங்க முறை. அது என் வீட்டுக்காரர் மனோஜ் பேர்ல இருக்கு. அவர் பஹ்ரைனுக்கு மீன்பிடி போட்டு வேலைக்குப் போனதிலிருந்து கொழுந்தன் சுரேஷ்தான் கட்டுறான். பிடிக்கிறது மொத்தமும் எங்க வீட்டுக்குக் கொண்டாந்து வச்சுட்டுப் போவான்.

அவர் இருந்த போட்டு கடல்ல காணாமப் போய் ஏழு மாசம்.

9 ஜூன்
பஹ்ரைன்லேர்ந்து வரதன் போன், அங்க வேலை செய்யற எங்க ஊர்ப் பையன். "தேடினுதான் கீறாங்க அண்ணி." இதையே எத்தினி வாட்டி சொல்வான், பாவம்.

15 ஜூன், ஞாயிறு
ஊர்க்கூட்டம். பேர் கூப்பிட்டதும் குரல் குடுத்தாத்தான் இனி ஒரு வருஷத்துக்குப் பாடு. வெளிநாட்டுல இருக்கிறவனுக்கு வீட்டாளு குடுக்கலாம். செத்தவனுக்கு யாரும் குடுக்க முடியாது.

ஊர்த் தலைவர் திருவேங்கடம் பெரியப்பா "மனோஜ்"னார். சுரேஷ் வாயத் திறக்கிறதுக்குள்ள கூட்டமே "இருக்கான்"னுச்சு. கோயில் சுவர் ஓரமா நின்னு அழுதேன். எல்லாரும் நல்லா இருக்கட்டும்.

சுரேஷுக்குன்னு தனியா பாடு இல்ல. ஏரியில மீனே இல்லயாம், புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு இந்தத் தடவையும் கிடையாதாம்.

20 ஜூன்
சுரேஷ் பஹ்ரைன் போறானாம்! அவன் பொண்டாட்டி தேவிக்கு அஞ்சு மாசம். "இங்க எனக்கு இன்னா கீது அண்ணி?"ன்றான். அத்தை சோறு தொடல. ஒரு புள்ளய கடலுக்குக் குடுத்தது பத்தாதா அவங்களுக்கு?

21 ஜூன்
"பிடிக்கிறத நீயே வச்சுக்கோடா"ன்னேன். "அண்ணன் பங்குல கை வச்சா ஊரே காறித் துப்பும்"னுட்டான். ரோஷத்துக்குக் கொறச்சல் இல்ல.

அவன் பேர்லயே பாடு இருந்தா போவமாட்டான்.

24 ஜூன்
தூக்கம் வரல. என் வாயால எப்படி?

29 ஜூன், ஞாயிறு
பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பத்து பேர் இருந்தாங்க. என் வீட்டுக்காரர் பேர எடுத்துட்டு சுரேஷ் பேரப் போடுங்கன்னேன்.

"உயிரோட இருக்கிறவன் பாட்ட மாத்தக் கூடாதும்மா."

"அவர் இல்ல பெரியப்பா."

சொல்லிட்டேன். ஊரே சொல்லாதத நான்தான் சொன்னேன் — பாவி. என்ன மன்னிச்சுடு மனோஜு.

அத்தை முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

8 ஜூலை, செவ்வாய்
சுரேஷ் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டான். இன்னைக்குத்தான் அவன் பேர்ல முதல் வலை.

எனக்கு மத்தியான ஷிப்ட். வெறும் நெத்தியோட கிளம்பினேன். ஊர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டு எந்த முகத்தோட பொட்டு வைக்கிறது? அத்தை குறுக்கே வந்து நின்னாங்க. ஒரு விரல் குங்குமத்த என் நெத்தியில அழுத்தி வச்சாங்க.

"நீ ஊருக்குச் சொன்ன. என்னாண்ட இன்னும் சொல்லல."

வேன் ஹாரன் அடிச்சான். போனேன்.