மேசைக்கு இரண்டு கப் தண்ணீர்

ஐசே,

உம்முடைய உப்பு இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. போன சனிக்கிழமை காலை அலுமாரிக்கு மேலே கிடந்த பையை இறக்கி, போட்டிக்கு நான் போட்டிருந்த சைக்கிள் சட்டையை வெளியே எடுத்து உதறினேன். முதுகுப் பொக்கற்றுக்குள் ஏதோ கல்லுப்போலத் தட்டுப்பட்டது. மூன்று பக்கெட் உப்புக் கரைசல் தூள். ஒரு வருஷத்து ஈரத்தில் இறுகிக் கட்டியாகிவிட்டன. தோடம்பழ வாசம் மட்டும் போகவில்லை. நான் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். தேத்தண்ணி ஆறுது என்று மனிசி குசினியிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டாள்.

அந்தச் சட்டையை நானாகத் தேடவில்லை. அதை என் கண்ணில் படாமல் வைக்கத்தானே அவ்வளவு உயரத்தில் போட்டிருந்தேன். கேட்டது உம்முடைய மனைவி செலின். வெள்ளிக்கிழமை போன் எடுத்தாள்.

"அண்ணா, இந்த முறை போட்டியில அவர்ட பேரில ஒரு தண்ணி மேசை போடப்போறன். போட்டி நடத்திறவங்களோட கதைச்சிட்டன், ஓம் எண்டிட்டாங்க. நீங்க அந்தச் சட்டையோட வந்து நிக்கோணும். ஓடி வாறவங்களை மறிச்சுக் குடிக்க வைக்கோணும். அவர் தண்ணி குடிக்காமத்தானே போனவர்."

நீர் தண்ணீர் குடிக்காமல் போகவில்லை. குடித்துத்தான் போனீர். குடிக்கச் சொன்னவன் நான். இது செலினுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். இனி அந்த மேசையில் போய் நின்று, வருகிறவன் போகிறவன் கையில் எல்லாம் கப்பைத் திணிக்க வேண்டும். அல்லது கொட்டாஞ்சேனைக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருக்குமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உம்மிடமே கேட்கலாம் போலிருந்தது. கேட்டிருந்தால், "விசர்க் கதை கதையாதையும் ஐசே, போய்ச் சொல்லும்" என்றிருப்பீர்.

நீச்சல் குளத்தில் உம்மை முதன்முதலாகப் பார்த்தது நினைவிருக்கிறது. ஐம்பது வயதில், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர். கொட்டாஞ்சேனையில் பிறந்து ஹாபரைப் பார்த்தே வளர்ந்த மனிசனுக்கு நீச்சல் தெரியாதா என்று எனக்குச் சிரிப்பு. "என்ன ஐசே சிரிக்கிறீர்? கப்பலைப் பார்த்தால் நீந்த வந்திடுமோ?" என்று கேட்டீர். இரண்டு பேரையும் டொக்டர்மார்தான் அங்கே துரத்தியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். நீர் குழாய்ச் சாமான் கடையில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து சம்பாதித்தது. நான் காப்புறுதிக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்து சம்பாதித்தது.

முதலில் நீச்சல். பிறகு, நீந்துகிறவனுக்கு நடக்கவும் வேண்டும் என்று யாரோ சொல்ல, விடியப்புறத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் தண்டவாளத்துப் பக்கமாக நடை. நடை ஓட்டமானது. பிறகு சைக்கிள். கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, ஏறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓடி, இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுகிற போட்டி ஒன்று இருக்கிறது என்று நான் சொன்ன அன்று நீர் சிரித்த சிரிப்பில் குளத்தில் இருந்த பொடியள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஆர், நாங்களோ? உமக்கு நல்ல சுகமோ?" என்றீர். அடுத்த கிழமை சைக்கிள் வாங்கி வந்து நின்றீர். உமக்கு ஆசை காட்டியதும் நான்தான். எங்கே தொட்டாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

தண்ணீர்க் கதை தொடங்கியது பாணந்துறையில். ஞாயிற்றுக்கிழமை களுத்துறை வரை போய்த் திரும்பி வரும்போது, ஒரு கடை வாசலில் நீர் சைக்கிளை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்தீர். முகம் வெளிறிப்போய்க் கண் செருகிவிட்டது. விடிய ஒரு பிளேன்ரீ குடித்தது. அதற்குப் பிறகு அந்த வெயிலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைக்காரர் ஓடி வந்து தம்பிலி இளநீரை வெட்டி, "அய்யே, பொன்ன, பொன்ன" என்று சிங்களத்தில் கெஞ்சி உம்முடைய வாயில் வைத்துக் குடிக்கவைத்தார். நான் பயந்துபோனேன் ஐசே. உம்மைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டபோது செலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னாத்தான் அண்ணா கேப்பார். தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். வாய் ஓயாமல் சொன்னேன். கால் மணிக்கு ஒருக்கால் அடிக்கும்படி உம்முடைய கைக்கடிகாரத்தில் மணி வைத்துவிட்டேன். அது அடிக்கும்போதெல்லாம் போத்தலை வாயில் வைக்கிறீரா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். "என்ட மனிசிகூட இப்பிடிக் கரைச்சல் தாறேல்லை ஐசே" என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டே குடிப்பீர். சொன்ன சொல் தட்டாத மனிசன் நீர். கொஞ்சம் குழப்படிக்காரனாக இருந்திருக்கக் கூடாதா?

உப்பைப் பற்றி எனக்குத் தெரியாமலும் இல்லை. எங்களுக்குப் பயிற்சி தந்த தம்பி, போட்டிக்கு முதல் கிழமை எங்கள் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னான்: "அங்கிள், வெறும் தண்ணியை மட்டும் குடிக்காதீங்க. வேர்வையில உப்புப் போயிடும். பிறகு தண்ணி குடிக்கக் குடிக்க ரத்தத்தில மிச்சம் இருக்கிற உப்பும் கரைஞ்சுபோகும், மூளை வீங்கிப்போகும். சைக்கிளில இருக்கேக்கை மணிக்கு ஒரு பக்கெட் கட்டாயம் கரைச்சுக் குடியுங்க." ஆளுக்கு மூன்று பக்கெட் தந்தான். நானும் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

போட்டியன்று காலை, காலிமுகத்திடலில் சைக்கிள்களை அடுக்கியிருந்த இடத்தில் உம்முடைய சட்டைப் பொக்கற் பிரிந்தது. நீர் குனிய, உம்முடைய வண்டி வயிறு தாங்காமல் தையல் டர்ரென்று விட்டது. பக்கத்தில் நின்ற சிங்களப் பொடியனும் சிரித்தான். நீர் மூன்று பக்கெட்டையும் என் பொக்கற்றுக்குள் செருகினீர். "உம்மிட்ட கிடக்கட்டும் ஐசே. ரெண்டு பேரும் ஒண்டாத்தானே போறம்" என்றீர். அதுதான் எங்கள் ஒப்பந்தம். முந்துகிறவன் காத்திருப்பது, கடைசி வரை சேர்ந்தே போவது.

நீந்தி முடித்து நான் உமக்காகக் காத்திருந்தேன். அதுமட்டும் செய்தேன். பத்து நிமிஷத்துக்குப் பிறகு மூக்கில் கடல் தண்ணீர் வழிய நீர் வந்தீர். "உயிரோட வந்திட்டன் ஐசே!" என்று கத்தினீர். முதல் சுற்றுச் சைக்கிளில் சேர்ந்துதான் போனோம். இரண்டாம் சுற்றில் இளம் பொடியள் ஒரு கூட்டமாக எங்களைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றுத் தெரியாது, லேசாகப் போகலாம். என் கால்களும் அன்றைக்கு நன்றாக இருந்தன. ஏழு மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம் என்று ஒரு பேராசை தலைக்குள் ஏறிவிட்டது. "நீர் வாரும், நான் முன்னுக்கு நிக்கிறன்" என்று கத்திவிட்டுப் போனேன். நிற்கவில்லை. உம்முடைய உப்பு என் முதுகில் கிடந்தது. எனக்குரிய மூன்றையும் மணிக்கொன்றாக நான் கரைத்துக் குடித்தேன். சீ, எப்படித்தான் குடித்தேனோ!

பிறகு ஓட்டம். நான் கடற்கரை வீதியில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். நீர் எதிரே போய்க்கொண்டிருந்தீர். உம்முடைய முகம் ஊதியிருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அதையும் கண்டேன் ஐசே, காணவில்லை என்று சொல்லமாட்டேன்.

"தலை இடிக்குது ஐசே. வயிறு குலுங்குது. குமட்டுது, சத்தி வாறமாதிரிக் கிடக்கு" என்றீர்.

பாணந்துறைதான் என் தலைக்குள் வந்தது. "தண்ணி காணாது உமக்கு! ஒரு மேசையையும் விடாதையும். மேசைக்கு ரெண்டு கப் குடியும்!" என்றேன். சொல்லிக்கொண்டே ஓடினேன். பொக்கற்றுக்குள் கையை விட்டு உம்முடைய உப்பை எடுத்துத் தர ஒரு நிமிஷம் போயிருக்குமா?

ஆறு மணித்தியாலம் ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். இரண்டு நிமிஷம் மிச்சம். கழுத்தில் மெடல் போட்டார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். நீர் அந்நேரம் முடிவுக் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வீதியில் விழுந்து வலிப்பு இழுக்கக் கிடந்தீராம்.

கடைசித் தண்ணீர் மேசையில் நின்ற பிள்ளை அழுதுகொண்டு வைத்தியசாலைக்கு வந்திருந்தாள். "அங்கிளுக்குக் குடிக்கவே ஏலாமல் இருந்தது. ஓங்காளிச்சார். போதும், இனிக் காணும் அங்கிள் எண்டு நான் சொன்னன். 'இல்லை மகள், ரெண்டு கப் குடிக்கச் சொல்லி என்ட சிநேகிதன் சொன்னவர்' எண்டு சொல்லி ரெண்டாவதையும் குடிச்சார்" என்றாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். அந்தச் சிநேகிதன் நான்தான் என்று சொல்லவில்லை.

டொக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார். செலின் அந்நேரம் வெளியே வாங்கில் செபமாலையோடு இருந்தாள். இரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, அளவுக்கு மிஞ்சிய தண்ணீரால் மூளை வீங்கிவிட்டது என்றார். "இவர் உப்பு ஒண்டும் எடுக்கேல்லையா?" என்று கேட்டார். "தெரியாது டொக்டர்" என்றேன். என் முதுகில் மூன்று பக்கெட்டும் உரசிக்கொண்டிருந்தன. வெளியே வந்ததும் செலின் எழுந்து ஓடி வந்து, "என்னவாம் அண்ணா?" என்றாள். "வெயில் அடிச்சுப்போட்டுது. உடம்பில தண்ணி இல்லையாம்" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர். பொரளை மயானத்தில் உம்மைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, மரணச் சான்றிதழில் இருந்த நீளமான இங்கிலீஷ் சொல்லைக் காட்டி மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வெயில் என்றேன். பிள்ளைகளும் இல்லாத வீடு. அவளுக்கு வாசித்துச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

அன்றிலிருந்து கண்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்லுகிற கதை இதுதான்: "அண்ணா தலையால அடிச்சு அடிச்சுச் சொன்னவர். இவர்தான் தண்ணி குடிக்கேல்லை." செத்த உம்மீது பழி, எனக்கு நல்ல பெயர். ஒரு வருஷம் அந்த நல்ல பெயரோடு உம்முடைய வீட்டில் தேத்தண்ணி குடித்தேன்.

நேற்றுப் போனேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒருக்கால் நின்று, மறுபடியும் ஏறிப் போனேன். செலின் மேசைக்கு விரிக்கிற நீலத் துணியில் உம்முடைய பெயரைத் தைத்துக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட், பொக்கற், இரண்டு கப், டொக்டர் கேட்டது, நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள், அந்தத் துணியை என் முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை.

"தலை இடிக்குது எண்டு உங்களிட்டச் சொன்னவரா?"

"ஓம்."

"அப்ப நீங்க நிண்டு பாக்கேல்லையா, அண்ணா?"

"இல்லை செலின். ஓடிக்கொண்டே சொன்னனான்."

வீதியில் மீன்காரன் கத்திக்கொண்டு போனான். பிறகு என்னைப் பார்க்காமல், கோபம்கூட இல்லாத குரலில் சொன்னாள்:

"அவரெண்டா நிண்டிருப்பார்."

ஓம் ஐசே, நீர் நின்றிருப்பீர். ஓட்டத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மெடலும் மண்ணாங்கட்டியும் என்று என் பக்கத்தில் குந்தியிருந்திருப்பீர். உப்பு, தண்ணீர், பொய் எல்லாவற்றுக்கும் ஏதாவது சாட்டுச் சொல்லலாம் என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் தயார்பண்ணி வைத்திருந்தேன். இதற்கு ஒன்றும் இல்லை. படலை வரை அவள் வரவில்லை. நானே திறந்து, நானே சாத்திக்கொண்டு வந்தேன்.